க்ராபியில் 'பிரைவேட்' கயாக் பயணம் போகப் போகிறீர்களா? அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தாய்லாந்து க்ராபிக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். போன ஜனவரியில் க்ராபியின் கடற்கரை ஊரான ஆவ் நாங்கில் தங்கியிருந்தோம். ஆவ் தலேன் என்ற இடத்தில் கடல் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு) ஓட்டிப் பார்க்க, "உங்கள் குடும்பத்துக்கு மட்டும், தனி கைடு" என்று சொல்லி அங்கிருந்த ஒரு டூர் கவுன்ட்டரில் பணம் வாங்கினார்கள். சொன்னதில் ஒன்றையும் செய்யவில்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை, எட்டு வயதுப் பிள்ளையை எந்த நிலையில் கடலில் இறக்கிவிட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கொதிக்கிறது.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இடம் உண்மையிலேயே அற்புதமானது. பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு அலையாத்திக் காடு புதிதில்லை. ஆவ் தலேனில் அந்தக் காட்டை ஒட்டியே செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் எழுந்து நிற்கின்றன, அவற்றுக்கு நடுவே கயாக் மட்டும் நுழையக்கூடிய குறுகலான கால்வாய்கள், கரையில் நண்டு பிடித்துத் தின்னும் குரங்குகள். பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நம் பக்கத்துக் கடலில் ஏற்றமும் வற்றமும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்தமான் கடலின் அந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே ஏறி இறங்கும், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஏற்றத்தில் போனால் காட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகலாம். வற்றத்தில் அதே இடம் வெறும் சேறு. அதனால் அங்கே எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதுதான் எல்லாமே. இது அந்த ஊரில் தொழில் செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும், எங்களை ஏமாற்றியவருக்கும் நன்றாகத் தெரியும்.

பேசியது இதுதான்: காலை எட்டரைக்கு ஓட்டலிலிருந்து தனி வண்டி, இரண்டு பேர் உட்காரும் கயாக் இரண்டு, ஒன்றில் கைடோடு எங்கள் பெண், குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட், இன்ஷூரன்ஸ், மதியச் சாப்பாடு. மூன்று பேருக்கும் சேர்த்து 5,400 பாத், பாதி அட்வான்ஸ். கூட்டத்தோடு போகும் அரை நாள் பயணத்துக்கு அதே தெருவில் கேட்ட விலை இதில் பாதிகூட இல்லை. குழந்தை இருக்கிறாள், யாராவது ஒருத்தர் அவள்மேலேயே கண்ணாக இருக்க வேண்டும் என்றுதான் கூடுதலாகக் கொடுத்தோம்.

முந்தின நாள் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: நாளை பிக்கப் மதியம் ஒன்றரைக்கு, வெயில் குறைவாக இருக்கும், உங்களுக்கு நல்லது. காலையிலேயே போகிறோம் என்று பதில் போட்டோம், போன் செய்தோம், எடுக்கவில்லை. அன்றுதான் அமாவாசை. மறுநாள் ஏற்றம் காலை பத்தரை, பதினொன்று வாக்கில், வற்றம் மாலை ஐந்தை ஒட்டி. காலை நேரத்தை வேறு ஒரு பெரிய கும்பலுக்கு விற்றுவிட்டு, மிச்ச சொச்சத்தை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

வந்தது தனி வண்டி இல்லை, ஏற்கெனவே ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்த சாங்தேவ், அதாவது பின்னால் பெஞ்சு போட்ட ஷேர் வண்டி. படகுத்துறையில் இறங்கி எண்ணினால் பதினான்கு பேர், அத்தனை பேருக்கும் ஒரே ஒரு பையன். அவன்தான் கைடாம். கழுத்தில் அடையாள அட்டை கிடையாது. துடுப்பை எப்படிப் பிடிப்பது, கவிழ்ந்தால் என்ன செய்வது, படகுகள் குறுக்கே வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, எதையும் சொல்லவில்லை. கைடோடு உட்காருவாள் என்று சொன்ன என் பெண்ணை என் கயாக்கின் முன்னால் ஏற்றினார்கள், என் வீட்டுக்காரரை முன்பின் தெரியாத ஒருவரோடு ஏற்றினார்கள்.

அந்த லைஃப் ஜாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கானது. மூன்று கொக்கிகளில் நடுவில் இருந்தது உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிறு முடிந்திருந்தது. விசில் இல்லை. கால்களுக்கு நடுவே போட்டு இறுக்குகிற பட்டை இல்லை. சந்தேகம் வந்து தோள் பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன், ஜாக்கெட் அப்படியே அவள் காது வரை ஏறிவிட்டது, பிள்ளை உள்ளே வழுகி நிற்கிறாள். தண்ணீரில் விழுந்திருந்தால் ஜாக்கெட் மட்டும் மிதந்திருக்கும். சின்னது வேண்டும் என்று கேட்டதற்கு "ஓகே, ஓகே, நோ டீப்" என்றான். நான் விடவில்லை. பக்கத்தில் வேறொரு நிறுவனத்துக்காரர்கள் படகுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அவர்களிடம் போய்க் கேட்டு ஒரு குழந்தை ஜாக்கெட் வாங்கி மாட்டிய பிறகுதான் ஏறினோம். கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார்கள், அவர்களுக்கு எங்களால் ஒரு பைசா லாபம் இல்லை.

கயாக்கும் சரியில்லை. கொஞ்ச தூரம் போனதுமே பின்பக்கம் தாழ ஆரம்பித்தது, துடுப்பு போடப் போட ஒரு பக்கமாக இழுத்தது. அப்புறம் பார்த்தால், உள்ளே புகுந்த நீரை வடிக்கிற ஓட்டையில் அடைப்பான் இல்லை, பிளாஸ்டிக் பையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். பையன் முன்னால் போய் மற்றவர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். லாங்டெயில் என்கிற எஞ்சின் படகு ஒன்று வேகமாகக் கடந்து போக, அந்த அலையில் நாங்கள் கவிழாமல் தப்பியது கடவுள் புண்ணியம்.

நாலு மணி இருக்கும். பாறைகளில் ஈரக் கோடு எங்கள் தலைக்கு மேலே தெரிந்தது, அவ்வளவு தண்ணீர் அதற்குள் இறங்கியிருந்தது. காட்டுக் கால்வாய்க்குள் திரும்பிய கொஞ்ச நேரத்தில் அடி தட்டியது, அப்புறம் நகரவே இல்லை. இவர் இறங்கித் தள்ளப் பார்த்தார், முழங்கால் வரை புதைந்துவிட்டார். "நீ இறங்காதே, பாப்பாவைப் பிடிச்சுக்கோ" என்று கத்துகிறார், அதற்குள் சேற்றுக்குள் இருந்த சிப்பி ஓடு உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. கைடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நண்டு பிடிக்க வைத்த கூட்டை எடுக்க வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, கால்வாயில் கொஞ்சம் ஆழம் மிச்சமிருந்த பக்கமாகப் படகை நிறுத்திக் கயிறு வீசி, எங்களோடு மாட்டியிருந்த ஒரு ஜெர்மன் தம்பதியையும் சேர்த்து வெளியே இழுத்துவிட்டார். பணம் நீட்டினோம், வாங்கவில்லை.

கரைக்கு வந்தால் அடுத்த கூத்து. மீதிப் பணம், அதற்கு மேல் தேசியப் பூங்காக் கட்டணம் ஆளுக்கு 300 பாத், போட்டோவுக்கு 500. பூங்காக் கட்டணத்துக்கு டிக்கெட் எங்கே என்று கேட்டோம், இல்லை. ஆவ் தலேனிலிருந்து ஹாங் தீவுக்குப் போனால், அந்தத் தீவு இருக்கும் 'தான் போக் கோரனி' தேசியப் பூங்காவுக்குக் கட்டணம் உண்டு, டிக்கெட்டும் கொடுப்பார்கள். நாங்கள் தீவுப் பக்கமே போகவில்லை. பணம் வரும் வரை வண்டி நகராது என்று டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். கால் கிழிந்து ரத்தம் வழிகிற ஆளையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு இருட்டுகிற நேரத்தில் இப்படிச் செய்கிறவர்களை என்னவென்று சொல்வது?

ஓட்டலுக்குத் திரும்பியதும் சுற்றுலாக் காவல்துறையின் 1155 எண்ணுக்கு அழைத்தோம். ஆங்கிலத்தில் பேசினார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: ரசீதில் உரிம எண் என்ன? ரசீதில் ஒரு நீல முத்திரையும் போன் நம்பரும்தான் இருந்தன. தாய்லாந்தில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி டூர் நடத்துபவருக்கும் உரிமம் வேண்டும், கைடுக்கும் தனியாக உரிமம் வேண்டும். முறையான கடைகளில் அந்த எண்ணைப் பலகையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். காவலர் ஒருவர் கவுன்ட்டருக்குப் போன் செய்த பிறகு பூங்காக் கட்டணமும் போட்டோ காசும் திரும்பி வந்தன. 5,400 பாத்தில் ஒன்றும் வரவில்லை. "கயாக்கில் போனீர்கள்தானே, கடல் வற்றியதற்கு நான் என்ன செய்ய" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார் அந்தக் கவுன்ட்டர்க்காரர். இன்ஷூரன்ஸ் பாலிசி எண் கேட்டேன், பதிலே இல்லை. காலுக்குத் தையல் போட்ட செலவும் எங்களுடையதுதான்.

க்ராபிக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை, கட்டாயம் போங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். ஆனால் காசு கொடுக்கும் முன் "அன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு, நாம் எத்தனை மணிக்குத் தண்ணீரில் இறங்குகிறோம்" என்று கேளுங்கள். உடனே பதில் சொல்லத் தெரியாதவரிடம் வேலையே வேண்டாம். ஏற்ற நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும், தாய்லாந்துக் கடற்படையின் நீரியல் துறை அட்டவணையே போடுகிறது, ஓட்டலில் கேட்டாலும் பார்த்துச் சொல்வார்கள். நேரத்தை மாற்றினால் முழுப் பணமும் திருப்பித் தர வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள், ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்பதையும் சேர்த்து. குழந்தை ஜாக்கெட்டை மாட்டித் தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் தாடையைத் தாண்டி மேலே வந்தால் கயாக்கில் ஏறாதீர்கள்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த சீசனில் வேறு பலகை மாட்டுவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. உரிம எண் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் தெரு முழுக்க டூர் கவுன்ட்டர்தான்.