யாழ் நூலக வாசிப்பறை: என்னை எனக்கு விளங்க வைச்ச இடம்

மூண்டு மாசமா சனிக்கிழமை காலமையில யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போறன், கட்டாயம் எழுதோணும் எண்டு இருந்தனான். முந்தி ஒரு இடத்தில ஆளுமை விருத்தி கோர்ஸ் எண்டு காசு கட்டிப் போனனான், என்னைப்பற்றி ஒண்டும் விளங்கேல்ல. இஞ்ச சரஸ்வதி சிலையைத் தாண்டிப் போய் செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள போகேக்க வெறுங்காலில அந்தக் குளிர் நிலம் படும், மனசு அப்பவே அடங்கீரும். ஃபோனை சைலன்ட்ல போட்டுட்டு ஒரு கொப்பியோட இருப்பன், வாசிக்கேக்க மனசில குத்தின வரியை எழுதி பக்கத்தில ஏன் குத்தினது எண்டும் எழுதுவன், அப்பிடி எழுதி எழுதித்தான் கண்டுபிடிச்சன் எனக்குக் கோவம் வாறது வேலையால இல்லை, ஏலாது எண்டு சொல்லப் பயந்து எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்டுறதாலதான். போன கிழமை முதல்தரம் அண்ணாட்ட ஏலாது எண்டு சொன்னன், கை நடுங்கினது, ஆனா சொல்லிப்போட்டன்.

1981இல எரிச்சு கிட்டத்தட்ட 97,000 புத்தகம் சாம்பலாகி, 2003இல திரும்பத் திறந்த இடம் இது. அதை நினைச்சுக்கொண்டு பக்கம் புரட்டேக்க நெஞ்சுக்குள்ள ஒரு தைரியம் வரும். போறாக்கள் கொப்பியை மறக்காமக் கொண்டு போங்கோ.