ஓஎம்ஆர் ஐடி கம்பெனில 4 வருஷம் இருந்துட்டு எழுதுறேன், 5க்கு 2 ஸ்டார்

பேர் போடல, சோழிங்கநல்லூர் பக்கம் இருக்கிற சர்வீஸ் கம்பெனி. ஃப்ரெஷரா சேர்ந்தேன், போன மாசம்தான் ரிலீவ் ஆனேன். சேரலாமானு ஜூனியர் பசங்க நிறைய பேர் கேக்குறாங்க, அதுக்குத்தான் இது.

ட்ரெய்னிங் உண்மையிலேயே அருமை, ஜாவா அரைகுறையா தெரிஞ்சு வந்த என்னை மூணே மாசத்துல தேத்திட்டாங்க. நைட் ஷிஃப்ட் முடிஞ்சா கேப் வீட்டு வாசல் வரைக்கும் வரும். சம்பளம் ஒரு மாசம் கூட லேட் ஆனதில்ல. 2 ஸ்டார் இதுக்கு.

மீதி போனது அப்ரைசல்ல, அதாவது வருஷா வருஷம் நம்ம வேலைக்கு மார்க் போடுறதுல. போன வருஷம் போகி அன்னைக்கு நைட் ஊருக்கு பஸ்ல போயிட்டிருக்கேன், ப்ரொடக்‌ஷன் இஷ்யூனு போன், அதாவது கிளையன்ட் யூஸ் பண்ணிட்டிருக்கிற சாஃப்ட்வேர்லயே பிரச்சனை. விக்கிரவாண்டி டோல்ல வண்டி நகரவே இல்ல, லேப்டாப்ப மடில வச்சு ஹாட்ஸ்பாட் போட்டு, சிக்னல் வர்றதும் போறதுமா, சார்ஜ் 4 பர்சன்ட்டுக்கு வந்தப்போதான் சரியாச்சு. கிளையன்ட் பாராட்டி மெயில் போட்டாங்க. டிஎல் (டீம் லீட்) எனக்குக் குடுத்த ரேட்டிங் 4, ஃபைனலா வந்தது 3. கேட்டா "டீமுக்கு ஒரு 4தான்ப்பா குடுக்க முடியும், மேல மாத்திட்டாங்க, பட்ஜெட்டும் இல்ல, அடுத்த தடவை பாக்கலாம்"னாரு. அவரு மேல கோவமே இல்ல, அவரு கைலயும் ஒண்ணும் இல்ல. பெல் கர்வ்னு ஒண்ணு வச்சிருக்காங்க, பத்து பேரும் உயிரக் குடுத்து வேலை செஞ்சாலும் ரெண்டு மூணு பேர கீழ தள்ளியே ஆகணும். மைக்ரோசாஃப்ட் 2013லயே இந்த முறைய தூக்கிட்டாங்க, இங்க இன்னும் விடல.

அடுத்த மாசம் லேட்டரல்ல, அதாவது வேற கம்பெனில இருந்து நேரா, ஒருத்தர் வந்தாரு, அதே எக்ஸ்பீரியன்ஸ், ப்ராஜெக்ட் சொல்லிக்குடுத்ததே நான்தான், சம்பளம் என்னை விட ரொம்ப கூட. அவரு மேல தப்பில்ல, ஆனா நாலு வருஷமா அங்கேயே கிடந்தவங்களுக்கு என்ன மரியாதை? பேப்பர் போட்டேன், அதாவது ராஜினாமா. 90 நாள் நோட்டீஸ். ரெண்டாவது வாரமே ஹெச்ஆர் கூப்பிட்டு 30 பர்சன்ட் ஹைக் தர்றோம் இருங்கனாங்க. இல்லாத பட்ஜெட் ரெண்டு வாரத்துல எங்கிருந்து வந்துச்சு? அங்கதான் மனசு சுத்தமா விட்டுப்போச்சு. இந்தக் காலத்து பசங்களுக்கு பொறுமை இல்ல, காசு காசுனு ஓடுறாங்கனு சொல்றவங்க இத யோசிக்கணும், என் பேட்ச்ல 11 பேர் சேர்ந்தோம், இப்போ அங்க இருக்கிறது 2 பேர், முக்காவாசி பேர் கிளம்பினது ரேட்டிங் வந்த கையோட.

சேரப்போறீங்கன்னா சிடிசில (கம்பெனி சொல்ற மொத்த வருஷ சம்பளக் கணக்கு) வேரியபிள் (ரேட்டிங்கைப் பொறுத்து கூடக் குறைய வர்ற பங்கு) எவ்வளவுனு பாருங்க, கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) அதுக்குள்ளயே இருக்கும், வேலைல நிரந்தரமா இருந்தாலும் 5 வருஷத்துக்கு முன்னாடி கிளம்பினா பொதுவா அது கைக்கு வராது. யாராவது மிரட்டி ராஜினாமா கேட்டா உடனே கையெழுத்து போட்டுடாதீங்க. ஐடி ஆளுங்களும் யூனியன் வச்சுக்கலாம்னு தமிழ்நாடு அரசு 2016லயே தெளிவா சொல்லியாச்சு, இது இன்னும் பல பேருக்குத் தெரியல.

இன்டர்வியூல ஒண்ணு மட்டும் கேளுங்க, ரேட்டிங் குறைஞ்சா காரணத்த எழுத்துல குடுப்பீங்களானு. புது இடத்துல நான் அதத்தான் கேட்டேன், குடுப்போம்னாங்க, பழைய ரேட்டிங் ஷீட் ஒண்ண பேர மறைச்சு காட்டவும் செஞ்சாங்க. பழைய கம்பெனி கடைசியா தர்றேன்னு சொன்னத விட சம்பளம் கம்மிதான், இருந்தாலும் இங்கதான் சேர்ந்திருக்கேன்.