ஈரம் பார்த்து நெல் வாங்கியவன் ஈரத்திலேயே ஏமாந்த கதை

கிளிநொச்சிப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நெல் கொள்வனவு பார்த்தவன் நான். இடப்பெயர்வுகளில் போன காலத்தைக் கழித்தாலும் 19 வருடச் சேவை. அறுவடை இயந்திரம் வெட்டிய கையோடு நெல்லை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். நான் ஒரு பிடி எடுத்து ஈரமானியில் போடுவேன். 14 வீதத்துக்கு மேல் காட்டினால் காயவைத்துக்கொண்டு வரச் சொல்வேன், இல்லையென்றால் கிலோ கழிப்பேன். அதற்காக நான் வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை. 20 வீத ஈரத்தோடு வரும் 100 கிலோ நெல்லைத் தளத்தில் பரப்பி 14 வீதத்துக்குக் காயவிட்டால் 93 கிலோ நிற்கும். போன 7 கிலோவும் தண்ணீர். ஓர் அரிசிமணிகூட அதில் குறைவதில்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை விளங்கப்படுத்தியிருப்பேன்! அப்படிப்பட்ட நான்தான் 2025 மாசி மாதம் ஒரு வீட்டு விறாந்தையில் வைத்த கண்ணாடித் தராசில் ஏறி நின்றேன். என் உடம்பிலிருந்து போன தண்ணீரைக் கொழுப்பு என்று நம்பி, மெலியவைக்கும் பானம் என்று விற்ற மாவுக்கு இரண்டு தடவையாக 37,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

ஊரில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த மாவை விற்ற ஆட்கள் பரந்தன், விசுவமடுப் பக்கமெல்லாம் கூட்டம் வைப்பதாக அறிந்ததால் எழுதுகிறேன்.

காலபோக அறுவடை முடிந்து, கையில் நாலு காசு புழங்குகிற நேரம் பார்த்துத்தான் வந்தார்கள். வன்னியில் எதையாவது விற்க வருகிறவர்களுக்குப் பஞ்சாங்கம் நன்றாகத் தெரியும். என்னிடம் நேரே வந்தது வெளியாள் இல்லை. மனைவியின் தூரத்து உறவுப் பிள்ளை. "மாமா, உங்களுக்குச் சீனி வருத்தம், கிளினிக்கில் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று மாமி சொன்னா. ஒருக்கால் வந்து பாருங்கள், காசு கேட்கமாட்டோம்" என்றாள். உறவுக்காரப் பிள்ளை கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

மாலை 4 மணிக் கூட்டம். பிளாஸ்டிக் கதிரைகள், சுவரில் தொங்கவிட்ட பதாகை, அதில் ஒரே ஆள் முன்னர் குண்டாகவும் பின்னர் மெலிவாகவும் நிற்கும் படங்கள். வெளியூரிலிருந்து காரில் வந்த 'பயிற்சியாளர்' ஒருவர், அந்த வெக்கையிலும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கடதாசிக் கோப்பையில் வனிலா வாசத்தோடு ஒரு பானம் தந்தார்கள். குடித்தேன்; குழந்தைப் பிள்ளைகளின் பால்மாவில் சீனி குறைத்தது போல ஒரு சுவை. பிறகு எல்லோரையும் நிறுத்தார்கள். நான் மத்தியானம் குளத்து மீன் குழம்போடு சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, வெயிலுக்கு இரண்டு செம்பு தண்ணீரும் குடித்துவிட்டு வந்தவன். சட்டைப்பையில் தொலைபேசி, இடுப்பில் திறப்புக் கோர்வை, பணப்பை. தராசு 91.4 காட்டியது. அதை ஓர் அட்டையில் எழுதி, பெயர் போட்டு, என் கையெழுத்தையும் வாங்கினார்கள். கையெழுத்து வாங்கியதும் எனக்கு மரியாதையாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஒரு பேணி 18,500 ரூபாய். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாக இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பேணியோடு 'உடல் சுத்தமாக்கும் தேநீர்' என்று சின்னப் பைகள், இரவில் படுக்கமுன் குடிக்க. நீரிழிவுக் குளிசை போடுகிறேன் என்று நானாகவே சொன்னேன். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டு, "ஐயா, இது மருந்தில்லை, உணவு. குளிசையை வழமைபோலப் போடுங்கள்" என்றார். இந்த ஒரு வசனத்தை வாசிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

10ஆம் நாள் மறுபடி நிறுத்தார்கள். இந்தத் தடவை காலை ஆறரைக்கு வரச் சொன்னார்கள், "வெறும் வயிற்றோடு வாருங்கள், தேநீரும் குடிக்க வேண்டாம்" என்று. பைகளைக் காலியாக்கிவிட்டு ஏறச் சொன்னார்கள். 87.2! 4 கிலோ 200 கிராம் குறைந்துவிட்டது என்று அறிவித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் பணிஓய்வு பெற்ற அன்றுகூட அப்படி ஒரு கைதட்டல் கிடைக்கவில்லை. அந்த இடத்திலேயே இரண்டாவது பேணிக்கும் காசு கொடுத்தேன்.

மாலையில் உண்டவனையும் காலையில் உண்ணாதவனையும் நிறுத்து ஒப்பிடுகிறார்களே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் யாராவது என் முன்னால் அப்படி ஒப்பிட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

13ஆம் நாள் வாய்க்கால் துப்புரவாக்கச் சிரமதானம். காலையில் பானத்தைக் குடித்து, குளிசைகளைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு போனேன். பத்தரை மணி இருக்கும். முதலில் கை நடுங்கியது. பிறகு உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. எதிரில் நின்றவரின் முகம் இரண்டாகத் தெரிந்தது. வாய்க்கால் கட்டிலேயே இருந்துவிட்டேன். நல்ல காலம், பக்கத்து வயல்காரருக்கும் இதே வருத்தம். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. போத்தலில் இருந்த தேநீரில் சீனியை அள்ளிக் கொட்டிப் பருக்கினார். யாரோ 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தார்கள். அம்புலன்சில் வந்த பிள்ளை விரலில் குத்திப் பார்த்தபோது, சீனித் தேநீர் குடித்த பிறகும், குருதியில் சீனி 52. 70க்குக் கீழே போனாலே ஆபத்து என்று வைத்தியசாலையில் சொன்னார்கள்.

வைத்தியர் முதலில் இரண்டே கேள்விதான் கேட்டார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? எந்தக் குளிசை போட்டீர்கள்? நான் போடுவது மெட்போமினும் கிளிக்லசைட்டும். மெட்போமின் தனியாக இப்படிச் சீனியை விழுத்துவது அரிது. கிளிக்லசைட் அப்படியில்லை: நீங்கள் பிட்டுச் சாப்பிட்டாலும் சரி, பட்டினி கிடந்தாலும் சரி, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். ஒரு கோப்பைப் பானத்தை நம்பி அந்தக் குளிசையைப் போட்டுவிட்டு மண்வெட்டி பிடித்தால் என்னவாகும் என்பதை நான் செய்து காட்டியிருக்கிறேன். குருதியில் பொற்றாசியம் என்ற உப்பும் குறைந்திருந்தது. "வயிற்றால் போகிறதா?" என்று வைத்தியர் கேட்டார். போனது, தினமும் விடிய நாலு மணிக்கு. அதைத்தான் 'நச்சு வெளியேறுகிறது' என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

அந்தத் தேநீர்ப் பையையும் பேணியையும் யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக இருக்கும் பெறாமகளிடம் காட்டினேன். பேணியில் இறக்குமதி செய்தவரின் பெயரோ முகவரியோ இல்லை. அதிகபட்ச சில்லறை விலையும் இல்லை. அவள் கைத்தொலைபேசியால் பெரிதாக்கி வாசித்தாள். மாவில் சோயாப் புரதம், பால்மா, மோல்ட்டோடெக்ஸ்ட்ரின், வாசனை. மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் என்றால் மாப்பொருளை உடைத்துச் செய்கிற தூள். ஒரு வேளைக்கு 95 கலோரி. ஓர் அவித்த முட்டையில் 70, 80 கலோரியும் 6 கிராம் புரதமும் இருக்கிறது; முட்டை என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். தேநீர்ப் பையில் இருந்தது சென்னா. "பெரியப்பா, இது வேறொன்றுமில்லை, நிலவாகை. பேதிக்குக் கொடுக்கிறது" என்றாள். சித்த வைத்தியர் நிலவாகைச் சூரணம் என்று சில நாளைக்கு மலச்சிக்கலுக்குக் கொடுப்பதை, இவர்கள் தினமும் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்தெல்லாம் அதற்கு முன்னரே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே பேதியோடு போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்புகளும்தான்.

என் 4.2 கிலோவை அன்றிரவு அவளோடு இருந்து கணக்குப் பார்த்தேன். நெல் கணக்குப் பார்த்த பழக்கம் விடாது. ஒரு கிலோ உடற்கொழுப்புக் கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். 4.2 கிலோவுக்கு 32,340. பத்து நாளில் என்றால் நாளொன்றுக்கு 3,234. நான் ஒரு நாளில் சாப்பிடுவதே அவ்வளவு வராது! காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்திருந்தாலும் அவ்வளவு கொழுப்புக் கரைந்திருக்காது.

அப்படியானால் எங்கே போனது? ஈரலும் தசையும் மாப்பொருளைக் கிளைக்கோசனாகச் சேமித்து வைத்திருக்கின்றன, எல்லாமாக அரைக் கிலோ அளவில். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் முதலில் செலவாவது அதுதான். தண்ணீரும் சேர்ந்து போகும். அதனால்தான் எந்தப் பானத்தைக் குடித்தாலும் முதல் வாரம் அற்புதமாக இருக்கிறது. மீதியை நானே பரிசோதித்தேன். ஒரே தராசில், மாலை 4 மணிக்குச் சோறும் தண்ணீரும் சட்டைப்பைச் சாமான்களுமாக ஒரு தடவை, அடுத்த நாள் விடிய வெறும் வயிற்றோடு ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். வித்தியாசம் 2 கிலோ. பானத்தை நிறுத்தி வழமைபோலச் சாப்பிட்டதும், எட்டே நாளில் காலை எடை 89க்குத் திரும்பிவிட்டது. கொழுப்பாகக் கரைந்தது அரைக் கிலோகூட வராது. அதுவும் பிட்டையும் இடியப்பத்தையும் விட்டதால் கரைந்தது. 2025இல் அந்தப் போகத்துக்கு அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய். 37,000 ரூபாய் என்றால் 308 கிலோ நெல். அரைக் கிலோக் கொழுப்புக்கு ஆறு மூட்டை நெல் கொடுத்தவன் வன்னியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், அந்த விறாந்தையிலேயே 14 பேர்.

ஒரு விடயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பதிலான பானங்கள் எல்லாமே பொய் இல்லை. பிரித்தானியாவில் நீரிழிவுக்காரர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு 825 முதல் 853 கலோரிக்குள் பானமும் சூப்பும் மட்டும் கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருட முடிவில் 46 வீதமானோருக்கு மருந்தில்லாமலே சீனி கட்டுக்குள் வந்தது. இதையும் பெறாமகள்தான் எடுத்துக் காட்டினாள். ஆனால் அங்கே முதல் நாளே நீரிழிவுக் குளிசைகளையும் குருதி அழுத்தக் குளிசைகளையும் நிறுத்தித்தான் தொடங்கினார்கள், வைத்தியக் கண்காணிப்பில். மெலியவைத்தது தூளில் இருந்த மந்திரமும் இல்லை, குறைந்த கலோரி. எனக்கோ கழுத்துப்பட்டி கட்டியவர் "வழமைபோலப் போடுங்கள்" என்றார். 'டயற்' என்று எழுதிய சோடாக்களை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: எடையைக் கட்டுப்படுத்த, சீனிக்குப் பதிலான இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

இதைவிட மோசமான சரக்கும் சந்தையில் உண்டு. சிபுட்ரமின் என்ற மெலிவு மருந்தை மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கினார்கள். அதற்குப் பிறகும் 'மூலிகை' என்று விற்கும் மெலிவுக் கோப்பிகளிலும் தேநீர்களிலும் அதை இரகசியமாகக் கலந்திருப்பதைப் பல தடவை கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு நிலவாகையோடு போயிற்று.

காசைத் திருப்பிக் கேட்டேன். திறந்த பேணியை எடுக்கமாட்டோம் என்றார் பயிற்சியாளர். இரண்டாவது பேணியில் மூன்று நாள் மாதான் செலவாகியிருந்தது. மறுநாளிலிருந்து என் அழைப்பு அவருக்குப் போவதில்லை. பிறகு அந்த உறவுப் பிள்ளையின் வீட்டுக்குக் கோபத்தோடு போனேன். அவள் ஒன்றும் பேசாமல் கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினாள். விற்காத பேணிகள் 11. 'சேர்வதற்கு' ஒரே தடவையில் வாங்க வேண்டுமாம். அதற்கு எடுத்தது நுண்கடன். கிழமைக்குக் கிழமை வசூலுக்கு ஆள் வருகிறது. தனக்குக் கீழே நாலு பேரைச் சேர்த்தால்தான் காசு திரும்புமாம். இப்படி ஆள் சேர்த்து ஓடும் பிரமிட் திட்டங்களை நமது வங்கித்தொழில் சட்டம் தடைசெய்திருக்கிறது என்று சொன்னேன். "அது பிரமிட் இல்லையாம் மாமா, வலையமைப்பாம்" என்று யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். ஏசப் போனவன் தேநீர் குடித்துவிட்டு வந்தேன், சீனி போடாத தேநீர்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிட்டிருக்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து பேணியையும் மீதித் தேநீர்ப் பைகளையும் எடுத்துப் போனார். அந்தப் பிள்ளையின் பெயரை நான் கொடுக்கவில்லை. கழுத்துப்பட்டிக்காரரின் இலக்கத்தைக் கொடுத்தேன்.

இப்போது சோற்றுக் கோப்பையைச் சின்னதாக்கியிருக்கிறேன், விடியக் குளக்கட்டில் நடக்கிறேன், குளிசையைக் கிளினிக் வைத்தியர் மாற்றித் தந்திருக்கிறார். மூன்று மாதத்தில் 89 கிலோ 86.5 ஆகியிருக்கிறது. யாரும் கை தட்டவில்லை.

அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு, வழமைபோல மாலை 4 மணிக்கு என்று கேள்வி. போகாதீர்கள். உறவுக்காகப் போய்த்தான் ஆகவேண்டும் என்றிருப்பவர்கள் மத்தியானம் சாப்பிடாமல், தொலைபேசியையும் திறப்பையும் வீட்டில் வைத்துவிட்டுப் போய்த் தராசில் ஏறுங்கள்.