20 வரிக்கு இரண்டரை மணி நேரம்: முத்தியால்பேட்டை கவிதை வகுப்பு

மகள் ஒன்பதாம் வகுப்பு, சிபிஎஸ்இ. ஆங்கிலப் புத்தகத்தில் முதல் கவிதையே ராபர்ட் ஃப்ராஸ்ட் எழுதிய 'தி ரோட் நாட் டேக்கன்'. காட்டில் பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒருவன் ஒன்றில் போகிறான். யாரும் போகாத பாதையில் போனால் வெற்றி என்று கைடில் போட்டிருக்க, அவள் அதை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் இந்த ஞாயிறு வகுப்புக்குப் போனோம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரம். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் வீட்டு மாடி, பெயர்ப்பலகை கிடையாது. பெரியவர்களுக்கு 150 ரூபாய், படிக்கிற பிள்ளைகளுக்கு இலவசம். அன்று ஒன்பது பேர் இருந்தோம்.

சார் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கொரு ஜெராக்ஸும் பென்சிலும் கொடுத்து, "ரெண்டு பாதையும் வேற வேறன்னு சொல்ற இடத்துல கோடு போடுங்க, ஒண்ணுதான்னு சொல்ற இடத்துல வட்டம் போடுங்க" என்றார். அவ்வளவுதான். இரண்டாம் பத்தியில் புல் மண்டிய பாதை என்று கோடு போட்ட கையோடு வட்டம் போட வேண்டியிருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன என்று கவிஞரே சொல்லிவிடுகிறார். மூன்றாம் பத்தியில் இரண்டிலும் உதிர்ந்த இலை, எதிலும் காலடி படவில்லை. மறுபடி வட்டம். பிறகு மகளிடம் கடைசிப் பத்தியைக் காட்டி, "ஏம்மா, இதுல 'சொன்னேன்'னு இருக்கா, 'சொல்லுவேன்'னு இருக்கா?" என்று கேட்டார். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, "சொல்லுவேன் சார்" என்றாள். ஆமாம், ஆள் குறைவாகப் போன பாதையில் போனேன் என்பது ரொம்ப காலம் கழித்து, ஒரு பெருமூச்சோடு, அவன் சொல்லப்போகிற கதை. நடந்த அன்று அப்படி இல்லை.

ஃப்ராஸ்ட் 1912 முதல் 1915 வரை இங்கிலாந்தில் இருந்தபோது எட்வர்ட் தாமஸ் என்ற நண்பரோடு நிறைய நடப்பாராம். எந்தப் பாதையில் போனாலும் மற்றதில் போயிருக்கலாமே என்று வருந்துகிற மனிதர் தாமஸ். அவரைச் சீண்டத்தான் இந்தக் கவிதை. தாமஸ் அப்புறம் பட்டாளத்தில் சேர்ந்து, 1917இல் பிரான்சில் அராஸ் சண்டையில் இறந்துபோனார். சார் இதைச் சொன்னதும் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. தாத்தாவின் தம்பி எழுதிக் கொடுத்தார், தாத்தா கொடுக்கவில்லை. இந்த மண்ணை விட்டுப் போகமாட்டேன் என்று நிமிர்ந்து நின்றார் என்றுதான் கேட்டு வளர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு போன் போட்டேன். "நிமிர்ந்து எங்கடி நின்னாரு? ரெண்டு பேரும் ராத்திரி பூரா திண்ணையில பேசிக்கிட்டு இருந்தாங்க. அதுவும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான்னுதான் அப்ப தெரிஞ்சுது" என்றார். தாத்தா அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் துண்டால் முகம் துடைப்பார். அது எதற்கு என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

ஒரு விஷயத்தில் சாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வங்கி வேலையை விட்டுவிட்டு நர்சரி வைத்திருக்கும் ஒரு தம்பி, இந்தக் கவிதைதான் தனக்குத் தைரியம் கொடுத்தது என்றார். அது தப்பான வாசிப்பு என்று சார் பட்டென்று முடித்துவிட்டார். பாதை இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றில் கால் வைத்துத்தானே ஆகவேண்டும்? அந்தத் தம்பியை இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருக்கலாம்.

மற்றபடி குறை என்றால், ஜெராக்ஸ் எழுத்து ரொம்பப் பொடி. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி இல்லை. பத்தரைக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்கு முடியும் என்றார்கள், ஒரு மணி ஆகிவிட்டது. பரீட்சைக்குப் பதில் எழுதித் தருவார் என்று நினைத்துப் போகாதீர்கள், தரமாட்டார். மகள் கைடைத் தூக்கிப் போடவில்லை. அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் 'சொல்லுவேன்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் புறநானூற்று 192ஆம் பாட்டு, 'யாதும் ஊரே யாவரும் கேளிர்'. ஆற்றில் போகிற புணை, அதாவது தெப்பம், வருமே, அது. அத்தையும் வருகிறேன் என்கிறார். அந்தப் படியில் அவரை எப்படி ஏற்றுவது என்றுதான் பார்க்கிறேன்.