இரண்டு வருடம் ஏஐ வைத்து வகுப்பு நடத்திய பிறகு: பெரட்டும் புரட்டும்

போன வாரம் கெடாவில் விரிவுரையாளராக இருக்கும் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, நீங்க அந்த ஏஐக்குக் காசு கட்டித்தானே வெச்சிருக்கீங்க? இப்போ வெல கொறஞ்ச திட்டம் ஒன்னு வந்திருக்கு. எங்க டிபார்ட்மெண்டுல கேட்டு வாங்கலாமா?"

கட்டு, கட்டாதே என்று ஒரு வரியில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட அன்று நான் கடுங்கோபத்தில் இருந்தேன். கோபம் தணியட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். தணியவில்லை. சரி, அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பகுதி நேரமாக மலேசியத் தமிழர் சமூக வரலாறு நடத்துகிறேன். மாணவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள். தொழிற்சாலை, கிளினிக் முகப்பு, தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை, இப்படி. பெரிய பயிற்சி ஒன்றுதான்: ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெரியவரைப் பேட்டி எடுத்து, பேச்சை அப்படியே எழுத்தாக்கி, அதை வைத்துப் பதினைந்து பக்கம் எழுத வேண்டும். இந்தப் பயிற்சிக்காகத்தான் ஏஐயை எடுத்தேன். முதல் வருடச் சந்தாவைப் பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் புத்தாக்க நிதி ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடம் முழுக்க என் காசு. எந்த நிறுவனத்தின் செயலி என்று எழுதவில்லை. வேறு இரண்டிலும் சோதித்துப் பார்த்தேன், நான் சொல்லப் போகும் குறை அவற்றிலும் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நல்லது நிறையவே இருக்கிறது.

பேட்டிக்குப் போகும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் "பாட்டி, அந்தக் காலத்துல தோட்ட வாழ்க்கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். பாட்டி "கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்பார். பேட்டி அங்கேயே படுத்துவிடும். பல வருடம் இதைப் பார்த்துச் சலித்தவள் நான். இப்போது பேட்டிக்குப் போவதற்கு முன் ஏஐயைப் பெரியவராக நடிக்க வைக்கிறோம். நான் கொடுக்கும் கட்டளை இதுதான் (பால்மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது): "நீ முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். பொதுவான கேள்விக்கு ஐந்து சொல்லுக்கு மேல் பதில் சொல்லாதே. ஒரு பொருளையோ இடத்தையோ ஆளையோ குறிப்பிட்டுக் கேட்டால் மட்டும் விரிவாகப் பேசு." இதில் மாட்டிக்கொண்ட மாணவர்கள் அரை மணி நேரத்துக்குள் கேள்வியை மாற்றக் கற்றுக்கொள்கிறார்கள். சம்பள நாளன்று கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) முன்னால் யார் போய் நிற்பது, புருஷனா பெண்சாதியா? மழை பெய்து வேலை நின்றால் அன்றைய சம்பளம் என்ன ஆகும்? பிள்ளையை எங்கே விட்டுவிட்டு மரம் வெட்டப் போனீர்கள்? இந்த மாதிரிக் கேள்விகளோடு உண்மையான பாட்டியிடம் போகிறார்கள். முன்பு நான்கு பக்கத்தோடு நின்ற எழுத்தாக்கம் இப்போது இருபது பக்கம் வருகிறது.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. இரவு ஷிப்ட் வேலை செய்யும் ஒரு பையன், வகுப்பில் வாயே திறக்கமாட்டான். ஏஐயோடு நடத்திய உரையாடல் பதிவையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருந்தேன். அவனுடையதைத் திறந்தால் இரவு இரண்டு மணிக்கு நாற்பதுக்கு மேல் கேள்வி. "ஒப்பந்தக் கூலி என்றால் என்ன?" என்று தொடங்கி, "என் தாத்தா ஏன் சொந்த ஊர் பெயரைச் சொல்லவே இல்லை?" என்பது வரை போயிருந்தது. கேட்க வெட்கப்பட்டதையெல்லாம் அங்கே கேட்டிருக்கிறான். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் ஒருவனுக்காகவே இரண்டு வருடச் சந்தாவும் தகும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றும் அதில் மாற்றமில்லை.

வேகம் பற்றிக் கொஞ்சம். 2023-இல் தமிழில் ஒரு பேட்டியை ஏற்றினால் பாதியிலேயே நின்றுவிடும். இந்தச் செயலிகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே துண்டு. தமிழ்ச் சொல்லோ எழுத்தெழுத்தாகச் சிதறும், செயலி ஒரே தடவையில் படிக்கக்கூடிய அளவு சீக்கிரம் தீர்ந்துபோகும். சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புது மாடலை வெளியிட்டபோது காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டாக உடைந்த ஒரு தமிழ் வாசகம் 35 துண்டில் அடங்கியது. அந்த மாற்றம் பெரிது. இன்று ஒரு மணி நேரப் பேட்டியை முழுசாகக் கொடுத்து அதைப் பற்றிக் கேள்வி கேட்க முடிகிறது.

மதிப்பெண் விஷயத்தில் பல்கலைக்கழகத்தோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவியை ஓட்டி, அதில் வரும் சதவீதத்தைப் பார்த்து மார்க் போடச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வில் தாங்களே எழுதிய கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. ஓப்பன்ஏஐயே தன் கண்டுபிடிப்புக் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் எடுத்துவிட்டது. என் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. கடைசியில் துறைத்தலைவர் என் பக்கம் நின்றார். இப்போது எழுத்துக்கு 40, உரையாடல் பதிவுக்கு 20, நேரில் உட்கார்ந்து பதில் சொல்வதற்கு 40. புத்தாக்க நிதியைவிட அவர் போட்ட அந்தக் கையெழுத்துதான் எனக்கு உண்மையான உதவி. தோழி, உன் துறையிடம் எதையாவது கேட்பதாக இருந்தால் முதலில் இதைக் கேள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

பெரட்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்து அனுப்பும் நேரம். பரேட் என்ற ஆங்கிலச் சொல் நம்மவர் வாயில் பெரட்டு ஆனது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த இருட்டு. எங்கள் அம்மா தோட்டத்தை விட்டு வந்து இருபது வருடம் கழித்தும் "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

இந்தச் சொல்லை ஏஐ இரண்டு வருடமாக விடாமல் புரட்டு என்று திருத்துகிறது. புரட்டு என்றால் பொய், ஏமாற்று. "விடிகாலை நாலரைக்குப் பெரட்டு" என்று ஒரு தாத்தா சொன்னது "விடிகாலை நாலரைக்குப் புரட்டு" என்று வந்து நிற்கும். ஒரு தடவை அதைச் சமையல் என்று எடுத்துக்கொண்டு, பாட்டி அதிகாலையில் எழுந்து இறைச்சி பிரட்டினார் என்று சுருக்கம் எழுதியது. தண்டல் என்றால் இங்கே வேலையாட்களை மேய்ப்பவர். அதற்குத் தமிழ்நாட்டுத் தண்டல்தான் தெரியும், ஆகவே எங்கள் தண்டல் வட்டிக்குப் பணம் கொடுப்பவர் ஆகிவிட்டார். பால் வடியும் கோப்பைக்கு நாங்கள் சொல்லும் 'மங்கு' என்ற சொல் 'கிண்ணம்' என்று மாறிவிடுகிறது. மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைக் கலப்படப் பால் என்று விளக்குகிறது.

காரணம் புரியாமல் இல்லை. அது எதை அதிகம் படித்ததோ அதன் பக்கம் சாய்கிறது. புரட்டு இணையத்தில் ஆயிரம் இடத்தில் இருக்கும், எங்கள் பெரட்டு எத்தனை இடத்தில் இருக்கும்? ஆனால் இதே ஊரைப் பற்றி வேறு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் சுடப்பட்ட மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களின் பெயரையும் சொல்கிறது: வாக்கர், அல்லிசன், கிறிஸ்டியன். எல்ஃபில் தோட்டத்தில் ஒருவர், பின் சூன் தோட்டத்தில் இருவர். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு கொண்டுவந்த அவசரகாலம் அதையொட்டி அறிவிக்கப்பட்டதும் தெரிகிறது. எல்லாம் சரி. ஆங்கில ஏட்டில் ஏறியவை அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. அன்று காலையிலும் அந்தத் தோட்டங்களில் பெரட்டு நடந்திருக்கும், நம் ஆட்கள் வரிசையில் நின்றிருப்பார்கள். அந்த வரிசையின் பெயர் மட்டும் அதற்குத் தெரியாது. தெரியாவிட்டால் பரவாயில்லை. தெரியாமலே திருத்துகிறது. கேட்காமலே திருத்துகிறது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரிசெய்ய முயலவில்லையா என்றால், முயன்றேன். மாணவர்களோடு சேர்ந்து தோட்டச் சொற்பட்டியல் ஒன்று தயாரித்தோம். போன மாதக் கணக்குக்கு 187 சொல். ஒவ்வொன்றுக்கும் பொருள், யார் சொன்னார், எந்தத் தோட்டம் என்று குறிப்பு. ஒவ்வொரு உரையாடலின் தொடக்கத்திலும் இதை ஏற்றி, "இந்தச் சொற்களை மாற்றாதே, சந்தேகம் இருந்தால் கேள்" என்று எழுதுகிறோம். முதல் பத்து, பதினைந்து பதிலுக்கு ஒழுங்காக இருக்கும். உரையாடல் நீண்டால் மெல்லப் புரட்டுக்குத் திரும்பிவிடும். சுட்டிக்காட்டினால் அழகாக மன்னிப்புக் கேட்கும். அப்புறம் மூன்றாவது பக்கத்தில் மறுபடியும் அதே. இரண்டு வருடத்தில் அந்த மன்னிப்பை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

இதுவரை நடந்ததைப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் ஒரு மாணவி தன் பாட்டியின் பேட்டியைக் கொண்டுவந்தாள். தொண்ணூறு நிமிடம், அவளே காதால் கேட்டு எழுதியது, அருமையான வேலை. அனுப்புவதற்கு முன்னால் பிழை பார்க்க ஏஐயிடம் கொடுத்திருக்கிறாள். பதினான்கு இடத்தில் பெரட்டு புரட்டாகியிருந்தது. அவள் பார்த்திருக்கிறாள், பார்த்தும் விட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"ஏஐ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் மேடம். பாட்டி படிக்காதவங்க இல்லியா, அவங்கதான் தப்பா சொல்றாங்கன்னு..."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அந்தப் பாட்டி முப்பத்தொரு வருடம் தினமும் அந்த வரிசையில் நின்றவர்.

ஆகவே தோழி, என் பதில்: கட்டாதே. நானும் இந்த மாதத்தோடு நிறுத்துகிறேன். இவ்வளவு நல்லதும் சொல்லிவிட்டு இப்படி முடிக்கிறாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். அந்த இரவு ஷிப்ட் பையனைப் பற்றி நான் எழுதியது அத்தனையும் உண்மை. ஆனாலும் இன்றைக்கு அதற்கு இன்னொரு ரிங்கிட் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் துறையே காசு தருகிறது என்றால் அது வேறு. அப்போதும் பேட்டி கேட்கப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள். எழுத்தாக்கத்தை அதன் கையில் கொடுக்காதே, பிழை பார்க்கவும் கொடுக்காதே. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் "திருத்தாதே, சந்தேகமான சொற்களை மட்டும் தனியாகப் பட்டியலிடு" என்று சொல். அந்தப் பட்டியலை மாணவர் பாட்டியிடம் எடுத்துப்போய்க் கேட்கட்டும். எங்கள் சொற்பட்டியல் வேண்டுமா சொல், அனுப்புகிறேன். கெடாவில் சொல்கிற சொற்கள் வேறாக இருக்கும், அதையும் சேர்த்துத் திருப்பி அனுப்பு.

இன்று மாலை அந்த மாணவியின் திருத்திய பிரதி வந்தது. பதினான்கு இடத்திலும் பெரட்டு திரும்பியிருக்கிறது. மறுபடி பாட்டியிடம் போயிருக்கிறாள் போலிருக்கிறது, பட்டியலில் இல்லாத ஆறு சொற்களைக் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதி வைத்திருக்கிறாள். அதில் இரண்டு எனக்கே தெரியாதவை. சனிக்கிழமை வகுப்பில் கேட்க வேண்டும்.