லூப்பர் கட்ட எது தோது: பியூர் டேட்டாவா, மேக்ஸா, விசிவி ராக்கா?

டிலே, ரிவெர்ப், ஃபில்டர் போன்ற ஒலி எஃபெக்டுகளை எல்லாம் எந்த மாடுலர் மென்பொருளிலும், அதாவது சிறு துண்டுகளைக் கேபிளால் கோத்து ஒலிக்கருவி கட்டும் மென்பொருளிலும், ஒரே மாலையில் கட்டிவிடலாம். அவற்றை வைத்து மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. சரக்கு எவ்வளவு என்பது, வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு அதன்மேல் அடுக்கிக்கொண்டே போகும் லூப்பரில்தான் தெரியும். காலால் பெடலை அழுத்திய கணத்தில் பதிவு நின்று, பதிந்தது முதலிலிருந்து ஒலிக்க வேண்டும். ஒட்டு காதுக்குத் தெரியவே கூடாது.

மில்லர் பக்கெட் 1990களில் எழுதிய பியூர் டேட்டா இலவசம். லினக்ஸிலும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியிலும்கூட ஓடும். ஒலியை 64 சாம்பிள் (ஒரு கணத்தில் ஒலியின் அளவீடு) கொண்ட துண்டுகளாகக் கையாள்கிறது. வினாடிக்கு 48,000 சாம்பிள் என்றால் ஒரு துண்டு 1.33 மில்லிவினாடி, பெடல் அழுத்தத்தில் அந்தப் பிசகு யாருக்கும் கேட்காது. கேட்பது வேறு: லூப்பின் முடிவும் தொடக்கமும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், சுற்றுக்கு ஒரு முறை 'டிக்'. முடிவைத் தேய்த்துத் தொடக்கத்தோடு கலக்கும் வேலையை நீங்களே கட்ட வேண்டும். ஒலி ஓடும்போது அர்ரேயின் (பதிவு தங்கும் நினைவிடத்தின்) அளவை மாற்றினால் ஒலி தடைபடும் என்பதால், ஒரு நிமிட லூப்புக்கு 28,80,000 சாம்பிளுக்கான இடத்தை முன்பே ஒதுக்கிவிடுவது நல்லது.

மேக்ஸும் பக்கெட் 1980களில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு மையத்தில் தொடங்கியதுதான். காசு கொடுத்தால் சுகம் உண்டு: 'குரூவ்' ஆப்ஜெக்ட் ஒட்டை மென்மையாக்கும், 'போக்' பஃபரில், அதாவது பதிவு தங்கும் இடத்தில், எந்த சாம்பிளிலும் எழுதும். இந்த இரண்டாவது வசதி அலங்காரம் அல்ல. ஒலி உள்ளே வந்து வெளியே போக 10 மில்லிவினாடி ஆகிறது என்று வையுங்கள். கேட்கும் லூப்போடு ஒட்டி வாசித்தாலும் புதிய அடுக்கு 10 மில்லிவினாடி பின்தங்கிப் பதியும். அதைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் அடுத்த அடுக்கு 20. நாலைந்து அடுக்கில் தாளம் சோர்ந்துவிடும். எழுதும் இடத்தை அந்த அளவு முன்னே இழுத்தால் சரியாகிவிடும். மேக்ஸில் இது எளிது. பியூர் டேட்டாவில் சுற்றிவளைக்க வேண்டும். ஆனால் மேக்ஸுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது.

2017இல் வந்த விசிவி ராக் ஒலியை ஒவ்வொரு சாம்பிளாகக் கணக்கிடுகிறது. ஒலியைத் தன்னுள்ளேயே திருப்பிவிடும் ஃபீட்பேக்கில் அதற்கு இணை சொல்வது கடினம். அதே சுற்றைப் பியூர் டேட்டாவில் நேராக இணைத்தால் பிழை என்று மறுத்துவிடும். இடையே டிலே போட்டாக வேண்டும். எஃபெக்டுக்கு ராக் அருமை. ஆனால் 'முதல் அழுத்தம் பதிவு, இரண்டாவது ஒலிப்பு, நீண்ட அழுத்தம் அழிப்பு' என்பதைக் கேபிள்களால் சொல்லப் போனால் திரை நூல்கண்டாகிவிடும்.

என் ஓட்டு நான்காவது ஆளான சூப்பர்லூப்பருக்கு. லூப்பைச் சில்லுசில்லாக வெட்டி விளையாட விரும்புகிறவர்கள் மேக்ஸுக்குப் போகட்டும். மற்றவர்கள் லூப்பரைக் கட்டவே வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் சூப்பர்லூப்பரில் அடுக்குதல், கடைசி அடுக்கைத் திரும்பப் பெறுதல், தாமத ஈடு (பின்தங்கலைச் சரிசெய்வது) எல்லாம் தயாராக இருக்கின்றன. இசை மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஓஎஸ்சி கட்டளைக்கும் பணியும். எஃபெக்டுகளையும் பெடல் தர்க்கத்தையும் பியூர் டேட்டாவில் கட்டி, லினக்ஸில் மென்பொருள்களுக்கிடையே ஒலியைக் கடத்தும் ஜாக் வழியே இரண்டையும் இணைத்துவிடலாம். வெளியீட்டை ஒரு கேபிளால் உள்ளீட்டில் செருகி, ஒரு 'டிக்' அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். தாமத ஈட்டுக்குக் கொடுக்க வேண்டிய எண் அதுதான்.