சுடாதவருக்கும் சாகும்வரை சிறை: அமெரிக்காவில் எந்த வழி கதவைத் திறக்கிறது?

அமெரிக்காவின் பல மாநிலங்களில், கொள்ளை போன்ற பெருங்குற்றம் ஒன்றின் நடுவே ஓர் உயிர் போனால், அதில் பங்கெடுத்த அத்தனை பேரும் சட்டத்தின் பார்வையில் கொலையாளிகள். யார் சுட்டது, கொல்லும் எண்ணம் யாருக்கு இருந்தது என்று கேட்க வேண்டியதில்லை. 'ஃபெலனி மர்டர்' விதி இதுதான். பென்சில்வேனியா சட்டப் புத்தகத்தில் இதற்கு இரண்டாம் நிலைக் கொலை என்று பெயர். அதற்கு எழுதப்பட்ட ஒரே தண்டனை ஆயுள் சிறை, முன்விடுதலைக்கும் இடமில்லை. நீதிபதியே இரங்கினாலும் குறைக்க முடியாது. ஐந்து பேர் கொண்ட மன்னிப்பு வாரியம் ஒருமனதாகப் பரிந்துரைத்து ஆளுநரும் ஒப்புக்கொண்டால்தான் தண்டனைக் குறைப்பு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 396ஆம் பிரிவும் கூட்டுக்கொள்ளையில் ஒருவர் செய்த கொலைக்கு எல்லோரையும் பொறுப்பாக்கியது. ஆனால் மரணம், ஆயுள், பத்தாண்டு வரை கடுங்காவல் என்று நீதிபதிக்குத் தேர்ந்தெடுக்க இடம் வைத்தது.

இந்தக் கட்டாய ஆயுளை எதிர்ப்பவர்கள் பல பாதைகளில் போயிருக்கிறார்கள். நான் அவற்றை அளப்பது ஒரே கேள்வியால்: தீர்ப்போ திருத்தமோ வந்த பிறகு, ஏற்கெனவே உள்ளே கிடப்பவருக்கு என்ன கிடைத்தது?

முதலில் கூட்டாட்சி அரசியலமைப்பின் 8ஆம் திருத்தம். கொடூரத் தண்டனையைத் தடுக்கும் பிரிவு இது. 1982இல் என்மண்ட் வழக்கில், கொல்லாத, கொல்ல நினைக்காத கூட்டாளிக்கு மரண தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்தே ஆண்டில், டைசன் வழக்கில், குற்றத்தில் பெரும்பங்கு எடுத்து மனித உயிரைத் துச்சமாக எண்ணியவருக்கு அது பொருந்தாது என்று பின்வாங்கியது. ஆயுள் தண்டனை விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். 1991 ஹார்மலின் வழக்கில், 650 கிராமுக்கு மேல் கோகெய்ன் வைத்திருந்தவருக்கு மிச்சிகன் விதித்த கட்டாய ஆயுளைக்கூட நீதிமன்றம் செல்லும் என்றது. கதவு திறந்தது சிறாருக்கு மட்டும். 2012 மில்லர் தீர்ப்போடு சேர்த்து முடிவான ஒரு வழக்கில், அர்கான்சாஸில் வீடியோ கடைக் கொள்ளைக்குப் போன 14 வயதுச் சிறுவன் சுட்டவன் அல்ல. அவனுக்கும் கட்டாய ஆயுள் விதித்திருந்தார்கள். 2016இல் அந்தத் தீர்ப்பு பழைய கைதிகளுக்கும் பொருந்தும் என்றானது. வயது வந்தவர்களுக்கு இந்தப் பாதையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இரண்டாவது, குற்றத்தின் இலக்கணத்தையே நீதிமன்றம் மாற்றுவது. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1980இல் ஆரன் வழக்கில் இதைச் செய்தது: கொலைக்குரிய தீய மனநிலையைத் தனியாக நிரூபித்தாக வேண்டும். மாசசூசெட்ஸ் 2017இல் பிரவுன் வழக்கில் அதே முடிவுக்கு வந்தது. துப்பாக்கியும் முகத்தை மறைக்கும் மேலாடைகளும் கொடுத்துவிட்டு, சம்பவ இடத்துக்கே போகாதவர் அந்த வழக்கின் மனுதாரர். நீதிக் கோட்பாடாகப் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்த பாதை இது, நோயின் வேரிலேயே கைவைக்கிறது. ஆனால் இரண்டு நீதிமன்றங்களும் 'இனிமேல்தான்' என்று கோடு கிழித்துவிட்டன. பிரவுனுக்கே புதிய விதி பொருந்தவில்லை. நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவருடைய குற்றத்தை ஒரு நிலை கீழே இறக்கியது. அதே நிலையில் முன்பே தண்டிக்கப்பட்ட மற்றவர்களுக்கு அந்தப் புதிய விதி எதையும் தரவில்லை.

கொலராடோவில் சட்டமன்றம் முன்வந்தது. 2021 திருத்தம் கட்டாய ஆயுளை நீக்கி, 16 முதல் 48 ஆண்டு வரை என்று மாற்றியது. அதுவும் பின்னோக்கிப் பாயவில்லை. அதற்கு முன்பு தண்டிக்கப்பட்ட ஒருவர், மாநிலமே கைவிட்ட தண்டனையை நான் மட்டும் ஏன் சாகும்வரை அனுபவிக்க வேண்டும் என்று வழக்காடினார். 2024இல் செல்லர்ஸ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. ஒரே குற்றம், ஒரே மாநிலம், நடந்த தேதி மட்டும் வேறு. ஒருவருக்கு விடுதலைத் தேதி உண்டு, இன்னொருவருக்கு இல்லை. இதை எந்த வகையிலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

கலிபோர்னியாவின் எஸ்பி 1437 என்ற சட்டத் திருத்தம் இங்கேதான் தனித்து நிற்கிறது. 2018இல் நிறைவேறி, 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. கொன்றவர், கொல்லும் எண்ணத்தோடு உதவியவர், பெரும்பங்கு எடுத்து உயிரைத் துச்சமாக எண்ணியவர் ஆகியோரை மட்டுமே இனி கொலைக்குத் தண்டிக்கலாம். முக்கியமான பகுதி அடுத்தது: பழைய கைதியும் மனுப் போடலாம். விசாரணைக்கு வந்தால், இன்றைய சட்டப்படியும் அவர் கொலைக் குற்றவாளிதான் என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் தலையில். மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டங்களைச் சட்டமன்றம் திருத்த முடியாது என்று அரசு வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. குறைகளும் உண்டு. பணியில் இருந்த காவலர் இறந்த வழக்குகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 'துச்சமாக எண்ணியவர்' என்ற அளவுகோலும் ரப்பர் போல இழுபடும்.

அப்படியானால் எல்லா மாநிலமும் கலிபோர்னியாவைப் பின்பற்றினால் போதுமே என்று தோன்றும். சட்டமன்றம் அசையாத இடத்தில் என்ன செய்வது? அங்கேதான் மாநில அரசியலமைப்பு வழி பயன்படுகிறது. பென்சில்வேனியாவில் 2024இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டு, அக்டோபரில் வாதம் கேட்ட லீ வழக்கு அப்படிப்பட்டது. 2014 கொள்ளை ஒன்றில், கூட்டாளி சுட்டபோது மனுதாரர் அந்த அறையிலேயே இல்லை. கொல்லும் எண்ணமே நிரூபிக்கப்படாதவரைக் கட்டாயமாகச் சாகும்வரை அடைப்பதை மாநில அரசியலமைப்பே தடுக்கிறது, கூட்டாட்சி நீதிமன்றம் என்ன சொன்னாலும் மாநிலம் தன் குடிமக்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தரலாம் என்பது வாதம்.

இந்த வழிக்கு நான் இரண்டாம் இடம் தருவேன். தண்டனையே அரசியலமைப்புக்கு முரண் என்றாகிவிட்டால், பழைய கைதிகளை விலக்கி வைப்பது நீதிமன்றத்துக்கு அவ்வளவு எளிதல்ல. சிறார் வழக்குகளில் 2016இல் நடந்தது அதுதான். ஆனாலும் வென்றால் கிடைப்பது மறு தண்டனை விசாரணைதான், கொலைக் குற்றவாளி என்ற பெயர் போகாது. கலிபோர்னியாவில் மனு வென்றவருக்கு அந்தக் கொலைத் தீர்ப்பே ரத்தாகிறது.